ஒற்றை ஆள் கூடாரம்

இருவர் கூடாரம் என்று பையில் அச்சடித்திருந்தால் அதில் ஒன்றரை ஆள்தான் படுக்க முடியும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு பேர் படுத்தால் ஒருவன் முழங்கை இன்னொருவன் விலாவில் இருக்கும். ஒருவன் புரண்டால் மற்றவனும் புரண்டாக வேண்டும். விடிகிற நேரத்தில் துணியின் உள்பக்கம் வியர்த்து நெற்றியில் சொட்டும். முதல் தடவை ரமணா மழை என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டான். மழை இல்லை, நாம் விட்ட மூச்சுதான் குளிர்ந்து தண்ணீராகச் சொட்டுகிறது என்று சொன்னேன்.

"இது உன்னுதா என்னுதாண்ணா?" என்று கேட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படுத்தான்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அதை முதலில் சொல்கிறேன்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், சார். நல்லதாகப் போயிற்று. எனக்குத் தெலுங்கு வேலைக்கு மட்டும்தான் வரும். திற, மூடு, லாரி வந்ததா, சாப்பிட்டாயா. ஒரு ஆளைப் பற்றி உட்கார்ந்து சொல்ல அது போதாது. கைகளில் கட்டு இருப்பதால் எனக்கு எழுதவும் முடியாது. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் தங்கவேலு. ஊர் ஏரலுக்குப் பக்கம். அப்பா அம்மா இல்லை. தங்கை ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் என் போன் நம்பர் இருக்கிறது, அவ்வளவுதான். இங்கே சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கிற ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறேன். சீசனில் மாங்காய் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நிற்கும். அப்போது யாருக்கும் தனிமை தெரியாது. சீசன் முடிந்தால் நீராவி நின்றுவிடும். மிஷின் கழுவுகிற சத்தம் மட்டும் இருக்கும். அறைக்குப் போனால் அதுவும் இருக்காது.

ரமணா அதே கம்பெனியில் லோடு அனுப்புகிற பிரிவில் இருந்தான். பாலசமுத்திரத்துப் பையன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன். கேன்டீனில் நான் யாரிடமோ பேசியதைக் கேட்டுவிட்டுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"எந்த ஊர்ணா நீ? 'என்ன செய்யுத'ன்ற. பாட்டு மாரி கீது."

"நீ 'துன்னுட்டியா'ன்னு கேக்க. அது மட்டும் பேச்சாக்கும்?"

"அது பேச்சு இல்லண்ணா, சோறு. துன்னாதான் பேச்சே வரும்."

சிரித்தேன். சித்தூருக்கு வந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மலைக்குப் போகலாம் என்று சொன்னவன் அவன். எப்படிப் போக வேண்டும் என்று படித்தவன் நான். போனில் படித்தேன், பார்த்தேன், வாங்கிக் கெடுத்தேன், மறுபடி படித்தேன். காட்டிலாகா இடங்களில் நெருப்பு கூடாது. அங்கே போனால் அவலும் வெல்லமும்தான். அடுப்பு மூட்டிச் சமைப்பதாக இருந்தால் அவன் வீட்டு மாந்தோப்பை ஒட்டிய குன்றுக்குப் போவோம். அது அவர்களுடைய பட்டா நிலம். உச்சியில் ஒரு சமமான இடம், பக்கத்தில் ஒரு புளியமரம், நடுவில் மேஜை மாதிரி ஒரு பாறை. அங்கேதான் இதுவும் நடந்தது.

அடுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், சார். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

கேஸ் அடுப்பு சுலபம். மேலே திருகிப் பற்ற வைத்தால் முடிந்தது. ஆனால் அந்தச் சின்ன சிலிண்டர் இந்தப் பக்கம் கடைகளில் கிடைப்பதில்லை, ரயிலில் கொண்டு வரவும் கூடாது. மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பம்ப் அடிக்க வேண்டும். ஒரு சொட்டு கசிந்தால் பை, போர்வை, சாப்பாடு எல்லாம் நாறும். அதனால் முதலில் நாங்கள் வில்லை எரிபொருள்தான் வைத்திருந்தோம். வெள்ளையாக, சதுரமாக இருக்கும். தகர அடுப்பில் வைத்துக் கொளுத்தினால் ஒரு டம்ளர் தண்ணீர் கொதிக்கும். பார்ப்பதற்கு அப்படியே கற்பூரம்.

அவன் அம்மா யசோதாவும் கற்பூரம் என்றுதான் நினைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை மகனுடைய பையில் இருந்ததை எடுத்து, காணிப்பாக்கத்துப் பிள்ளையார் படத்துக்குக் காட்டிவிட்டார். வீடு முழுக்கக் கண்ணெரிச்சல். கண்ணாடியெல்லாம் பிசுபிசுவென்று கரி. நாங்கள் போனபோது அந்த அம்மா படத்தைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்கு மூஞ்சே தெரியல பாரு. இன்னா எழவுடா இது, மலைக்கு எத்துக்கினு போறீங்க?"

"அது அடுப்புக்கும்மா. சாமிக்கு இல்ல."

"அப்ப அடுப்புல வெக்கிறதுதானே. பைக்குள்ள வெச்சா நான் இன்னான்னு கண்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக்கூடாதா நைனா, பெரியவன்தானே நீ" என்றார். அந்தப் பக்கத்தில் அப்பாவையும் நைனா என்பார்கள், பிள்ளையையும் செல்லமாக நைனா என்பார்கள். என்னை யாரும் எதுவாகவும் கூப்பிட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

அதோடு வில்லையை விட்டோம். ஸ்பிரிட்டுக்கு வந்தோம். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்குகிற ஸ்பிரிட். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். கூல்டிரிங்க் டின்னின் அடிப்பாகத்தை வெட்டி, சுற்றி ஊசியால் துளை போட்டு அடுப்பை நானே செய்தேன். கரி பிடிக்காது, சத்தம் கிடையாது, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரே ஒரு கெட்ட குணம் அதற்கு உண்டு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. எரிந்துகொண்டே இருக்கும், அணைந்தது போல இருக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலோடு மேலே ஊற்றினால் தீ அந்தத் தாரையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலுக்குள் ஏறும். பாட்டில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பீறிடும்.

அதனால் இரண்டு விதி போட்டேன். பாய்லரில் வேலை செய்கிறவனுக்கு இது புதிதில்லை. அங்கே வால்வுக்கு ஒரு ஆள், அழுத்தம் காட்டுகிற கேஜுக்கு ஒரு ஆள். கேட்டுவிட்டுத்தான் திறப்போம். அதையே மலைக்குக் கொண்டு வந்தேன். அடுப்பு ஒருவன் பொறுப்பு, பாட்டில் ஒருவன் பொறுப்பு. பாட்டில்காரன் "ஆறிட்டா?" என்று கேட்க வேண்டும். அடுப்புக்காரன் மேலே கையைக் காட்டிச் சூடு பார்த்து, காய்ந்த புல்லை நீட்டிப் பார்த்து, "ஆறிட்டு" என்று சொன்ன பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இது முதல் விதி. பாட்டிலிலிருந்து நேராக அடுப்பில் ஊற்றக் கூடாது, இருமல் மருந்தோடு தருகிற சின்ன அளவு மூடியில் ஊற்றி, பாட்டிலை மூடித் தள்ளி வைத்துவிட்டு, அந்த மூடியிலிருந்துதான் அடுப்பில் விட வேண்டும். இது இரண்டாவது. முதல் விதியில் தவறு நடந்தாலும் இரண்டாவது காப்பாற்றும்.

ரமணா இரண்டையும் ஒரு தடவைகூட மீறியதில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் பேச்சில் அது "ஆறிச்சா" என்றுதான் வர வேண்டும். ஆனால் அவன் என்னைப் போலவே இழுத்து "ஆறிட்டாண்ணா?" என்றுதான் கேட்பான். முதலில் கிண்டலுக்குச் செய்தான். பிறகு அதுவே பழகிவிட்டது. இந்த ஜில்லாவில் என் ஊர்ப் பேச்சை என்னிடம் பேசியது அவன் ஒருவன்தான், அந்த ஒரு வார்த்தைதான்.

கூடாரத்துக்கும் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இருவர் கூடாரம் ஒரு ஆளுக்குக் கனம். குச்சிகளும் ஆணிகளும் என்னிடம் இருக்கும். துணி அவனிடம் இருக்கும். மலையில் மட்டுமல்ல, வீட்டிலும் அப்படித்தான். என் அறையில் கட்டிலுக்கு அடியில் குச்சிகள், அவன் அறையில் பரண்மேல் துணி. குச்சி இல்லாமல் துணியால் பிரயோஜனமில்லை, துணி இல்லாமல் குச்சியால் பிரயோஜனமில்லை. ஒருவனை விட்டு ஒருவன் போக முடியாது. கனத்துக்காகத்தான் அந்த ஏற்பாடு என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

கூடாரத்துக்குள் நான் நிறையப் பேசுவேன். கீழே நான் அதிகம் பேசாதவன் என்று கம்பெனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கே படுத்ததும் வந்துவிடும். ஆறு, அம்மா, தங்கை கல்யாணத்துக்கு நான் போகாதது, பாய்லர் சத்தம், எல்லாம். அவன் ஊம் கொட்டுவான். கொட்டாமல் போனால் தோளைத் தொட்டுப் பார்ப்பேன். தூங்கியிருந்தால் எழுப்பி, விட்ட இடத்திலிருந்து சொல்வேன். அவனும் எழுந்திருப்பான். அவனுக்கும் அது பிடிக்கும் என்றுதான் வைத்திருந்தேன்.

பிறகு அவன் சித்தூரை விட்டுத் திருப்பதிக்குப் போனான். ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. யாத்திரை வருகிறவர்கள் நேரம் பார்த்து வருவதில்லை, அதனால் ராத்திரி முழுக்க முழித்திருக்க வேண்டிய வேலை. அங்கே மலையேறுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, ஐடி பையன்கள், காலேஜ் பெண்கள். அவர்களோடும் போக ஆரம்பித்தான். அவர்களுக்கு என் அடுப்பைக் காட்டினான், என் விதியைச் சொல்லிக் கொடுத்தான். இது தங்கவேலு அண்ணன் கண்டுபிடித்தது என்று எல்லாரிடமும் சொல்வானாம். அவர்கள் என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. எனக்கு ஒரு ஆள் போதும்.

நாங்கள் இரண்டு பேர் போவது குறைந்தது. என் கட்டிலுக்கடியில் குச்சிகள் கிடந்தன. கூட்டுகிறபோது துடைப்பம் பட்டுச் சத்தம் போடும்.

மழைக்காலம் முடிந்ததும் அவனே போன் செய்தான். குன்றுக்குப் போகலாம் என்றான். எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. பிறகு, வேறு ஏதோ பேசுகிற மாதிரி சொன்னான்.

"அண்ணா, நான் புச்சா ஒரு டென்ட் வாங்கினேன்."

"எத்தனை பேரு படுக்க?"

"ஒர்த்தருக்குதான். சின்னது. முழங்கால் போட்டுதான் உள்ள போவணும், நாய்க்குட்டி மாரி."

"நம்மது என்ன ஆச்சு? கிழிஞ்சிட்டா?"

"கிழியலாம் இல்லண்ணா. அதயும் எத்துக்கினு வர்றேன். நீ குச்சி எத்துக்கினு வா. எனுக்குத் தூக்கமே இல்லண்ணா இந்த வேலைல. அங்கயாவது தூங்கணும். உங்கூடப் படுத்தா நீ பேசிக்கினே கீற."

சரி என்றேன். நல்லதுதான், உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். போனை வைத்தேன். கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். குழாயில் விரிசல் விட்டால் முதலில் சத்தம் வராது, கேஜில் முள் மெதுவாக இறங்கும். அப்படித்தான் இருந்தது. இத்தனை காலம் ஊம் கொட்டியதெல்லாம் பொறுத்துக்கொண்டு கொட்டியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிடிக்கவில்லை என்று ஒரு நாளும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன். சொல்லாமல் கடையில் போய் ஒரு கூடாரம் வாங்கினான்.

பை கட்டினேன். குச்சி, ஆணி, அடுப்பு, பாத்திரம், டீத்தூள், ஸ்பிரிட் பாட்டில். முதல் விசாரணையில் அளவு மூடியை எடுத்து வர மறந்துவிட்டேன் என்று உங்கள் ஸ்டேஷன் ரைட்டரிடம் சொன்னேன். மறக்கவில்லை. கையில் எடுத்தேன், ஜன்னலில் வைத்தேன், பையை மூடினேன். இப்போதும் ஜன்னலில்தான் இருக்கும். அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை. அந்த மூடி இரண்டு பேர் சேர்ந்து சாப்பிடுகிற காலத்து விதி, இனி எதற்கு என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பாலசமுத்திரம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். மெலிந்திருந்தான், கண்ணுக்குக் கீழே கருப்பு. வீட்டில் யசோதா அம்மா சாப்பிடாமல் விடவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு ஏறினோம். இரண்டு கூடாரத்தையும் அவனே சுமந்தான்.

மேலே போனதும் பழைய துணியை எடுத்து என் கையில் கொடுத்தான். துவைத்திருந்தான். தையல் விட்ட இடத்தில் புதிதாகத் தைத்திருந்தான்.

"இது இனிமே உன்னுதுண்ணா, முழுசா. குச்சி ஒர்த்தன்கிட்ட துணி ஒர்த்தன்கிட்டன்னு இன்னாத்துக்கு? நீ எப்ப வேணா போலாம். என்னப் பாத்துக்கினு இருக்கத் தேவயில்ல."

வீட்டை விட்டு அனுப்புகிறவனுக்குச் சாமானைக் கட்டிக் கொடுப்பார்கள். அதுவும் துவைத்து, தைத்து, மடித்து. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நான் என்னுடையதை மேற்கே போட்டேன். காற்று மேற்கிலிருந்து வந்ததால் வாசலைக் கிழக்கே வைத்தேன். அவன் பாறைக்கு அந்தப் பக்கம், கிழக்கே, தன்னுடையதைப் போட்டான். ஆரஞ்சு நிறம். சவப்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது. உள்ளே போய்ப் படுத்துப் பார்த்து, "சரியா கீதுண்ணா, புரள எடமில்ல" என்று அங்கிருந்தே சிரித்தான்.

நான் ஒருவன் அந்த இருவர் கூடாரத்தில் படுத்தேன். ஒன்றரை ஆள் படுக்கிற இடத்தில் ஒரு ஆள் படுத்தால் மிச்சமாகிற அரை ஆள் இடம் எவ்வளவு பெரியது என்று எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். இருட்டின பிறகு அவன் ஒரு தடவை கூப்பிட்டான்.

"அண்ணா, தூங்கிட்டியா?"

பதில் சொல்லவில்லை. நான் தூங்கிவிட்டேனா என்று தெரிந்துகொண்டு போனில் திருப்பதிக்காரர்களிடம் பேசப் போகிறான் என்று நினைத்தேன். போன் வெளிச்சம் எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் அப்படித்தான் நினைத்தேன்.

காலையில் டீ போட்டோம். வழக்கமாகப் புளியமரத்து நிழலில்தான் அடுப்பு வைப்போம், நிழலில் தீ நீலமாகத் தெரியும். அன்றைக்குக் குளிராக இருக்கிறது, வெயிலில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். பாறைமேல் நல்ல வெளிச்சம். அடுப்புக்கு நான், பாட்டிலுக்கு அவன். அவன் தன் கூடார வாசலிலேயே காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தான். நன்றாகத் தூங்கிய முகம். இத்தனை வருஷத்தில் அவன் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

கூடார வாசலில் உட்கார்ந்து நெருப்பைக் கையாளக் கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

தண்ணீர் கொதிப்பதற்குள் பாத்திரத்து இரைச்சல் குறைந்தது, ஸ்பிரிட் தீரப் போகிறது. பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன்.

"ஊத்தணுமாண்ணா? மூடி எங்க?"

"மறந்துட்டேம்ல. நேரா ஊத்து, பரவால்ல."

"நேராவா?" என்று என்னைப் பார்த்தான். "நீயா சொல்ற?"

"ஒரு தடவைதான்."

சூரியன் எனக்கு எதிரே இருந்தது. அடுப்புக்கு மேலே அவன் முழங்கால் தெரிந்தது. தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி அந்த முழங்கால் நெளிந்தது. தீ இருந்தால் மேலே காற்று அப்படித்தான் ஆடும். பாய்லர் பார்க்கிறவனுக்கு அது போதும், புல்லை நீட்ட வேண்டியதில்லை. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் பாறை மட்டும்தான் தெரியும்.

அவன் உடனே ஊற்றவில்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல், கேட்டான்.

"ஆறிட்டாண்ணா?"

"ஆறிட்டு" என்றேன்.

பிறகு நடந்தது உங்களிடம் இருக்கிறது, சார். நைலான் துணி எரிவதைவிட உருகுவது அதிகம். தீ பாட்டிலுக்குள் ஏறியதும் அவன் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தான், அது அவன்மேலேயே பீறிட்டது, கூடாரம் மேலே விழுந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு ஆளுக்குச் செய்தது என்பதால் உள்ளே நகர இடமில்லை. நான் கையாலேயே பிய்த்து எடுத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, கை தானாகப் போனது. என் கையில் கட்டு அதனால்தான். அதைப் பார்த்துத்தான் ஊரே என்னைக் கும்பிட்டது.

சித்தூருக்கும் பிறகு வேலூருக்கும் அவனோடு வண்டியில் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் யசோதா அம்மா எனக்குச் சோறு ஊட்டினார். என் இரண்டு கையும் துணி மூட்டை மாதிரி இருந்தன.

"வாயத் தெற நைனா. நீ துன்னாம கெடந்தா அவனுக்கு நல்லாயிடுமா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சின்ன வயசுலேந்து அவசரக்காரன்தான்" என்றார் அந்த அம்மா. "எத்தினி வாட்டி சொல்லியிருப்ப நீ. கேக்காமக் கொள்ளாம ஊத்தினேன்னு அவனே சொல்றான். ஜட்ஜம்மா வந்து எழுதிக்கினு போச்சி."

கேட்காமல் ஊற்றினானா? அவனா?

உள்ளே விட்டபோது போய்ப் பார்த்தேன். முகம் அவ்வளவாகப் படவில்லை. குனியச் சொன்னான்.

"நான் கேக்கல. நீ ஒண்ணியும் சொல்லல. சரியாண்ணா?"

"நீ கேட்டல்ல ரமணா."

"இல்ல. கேக்கல." மூச்சு வாங்கினான். "உம் மூஞ்சி மேல வெயிலு அடிச்சிக்கினு இருந்திச்சி. உனுக்கு எப்பிடித் தெரியும்? யாருக்கும் தெரியாது. வெளியூர்ல கீற, போலீசு கீலீசுன்னு உன்ன அலைய வெப்பாங்க. நான் கேக்கல, அவ்ளோதான்."

எனக்குத் தெரிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று சொல்லியிருப்பேன். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள். மறுபடி அவனை வெள்ளைத் துணி சுற்றிய உடம்பாகத்தான் பார்த்தேன்.

அவன் எனக்குச் செய்த முதல் துரோகம் அந்தக் கூடாரம் என்றால், இரண்டாவது இது. எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு கேள்வியும் பதிலும்தான். அதைக் கேட்கவே இல்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். தீ எனக்குத் தெரியவில்லை என்றும் சொல்கிறான். இத்தனை வருஷம் பாய்லர் பார்த்தவனுக்கு. அவன் என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்து வைத்திருந்தான்.

நீங்கள் விபத்து என்று எழுதி மூடினீர்கள். நானும் சும்மா இருந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக் கூட்டத்துக்காரர்கள் அடுப்புப் பாதுகாப்பைப் பற்றிப் புதியவர்களுக்குச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்து மாடி. திரையில் ரமணாவின் போட்டோ, கீழே 'கேட்காமல் ஊற்றாதீர்கள்' என்று மூன்று மொழியில். என் கைக்கட்டைப் பார்த்து எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் விதிகளைச் சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். கடைசியில் கீர்த்தி என்று ஒரு பெண் எழுந்தாள். ரமணா கூட்டிப்போய்ப் பழக்கியவர்களில் ஒருத்தி.

"அண்ணா, எங்களுக்கு இந்த ரூலைச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். கேக்காம மூடியத் தொட்டா கைல அடிப்பாரு. அவரு போயி எப்பிடிண்ணா கேக்காம ஊத்தினாரு?"

மண்டபத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் போட்டோவைப் பார்த்தாள். அவசரம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நேற்று வந்த பிள்ளைகள் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். நான் பழக்கிய ஆள் அவன். அவன் கை தவறியதில்லை.

அதனால்தான் வந்தேன். பாவத்துக்குப் பயந்தோ, யசோதா அம்மாவின் முகத்துக்காகவோ வந்தேன் என்று எழுத வேண்டாம். உங்கள் ஃபைலில் இருப்பது தப்பு. அவன் கேட்டான். நான் பார்த்தேன். எரிகிறது என்று தெரிந்து ஆறிட்டு என்றேன். அவனைக் கொன்றது நான். இதில் அவன் தப்பு எதுவும் இல்லை.

ஒன்றைத் தவிர. ஃபைலில் போட்டோ இருக்கிறதே, கருகின இடம், அதைப் பாருங்கள். காற்று மேற்கிலிருந்து வந்தால் வாசலைக் கிழக்கே வைக்க வேண்டும். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன். எதிர்க்காற்றில் வாசலை வைத்தால் குளிரும் தூசியும் உள்ளே வரும். அவன் மேற்கே வைத்திருந்தான், நேராக என் கூடாரத்து வாசலைப் பார்க்க. ஜிப்பைக்கூட மூடவில்லை, விடியும்வரை திறந்தே கிடந்தது. முதுகை என் பக்கம் வைத்துப் போட்டிருந்தால் காலையில் அவன் அதில் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கவே மாட்டான், துணியும் மேலே விழுந்திருக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். கூடாரத்தை என்னைப் பார்த்துப் போட்டான். அவன் செய்த ஒரே தப்பு அது.